வேலையில் கற்றதற்குப் பல்கலைக்கழகக் கிரெடிட்: முன்கற்றல் அங்கீகாரம் எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது

இருபது ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதியவர், நாற்பது வயதில் பி.காம். படிக்க விரும்பினால், பற்று எது, வரவு எது என்று தொடங்கும் முதல் பருவப் பாடத்தையும் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டுமா? உலகின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் வேண்டும் என்றே சொல்லி வந்தன. வகுப்பறைக்கு வெளியே கற்றதை முறைப்படி சோதித்து, அது ஒரு பாடத்துக்கு ஈடாக இருந்தால் அந்தப் பாடத்துக்குரிய கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் அலகை, வழங்கிவிடும் ஏற்பாட்டுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆர்.பி.எல். என்ற சுருக்கமே புழக்கத்தில் உள்ளது. புதிய கல்விக் கொள்கையும் தேசியக் கிரெடிட் கட்டமைப்பும் இதை இந்திய உயர்கல்விக்குள் கொண்டுவரும் இந்த நேரத்தில், இதை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் நாடுகளில் என்ன நடந்தது என்பதை விரிவாகப் பார்ப்பது அவசியம்.

முதலில் கிரெடிட் என்ற அலகின் பிறப்பைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 1905-ல் அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க 1 கோடி டாலர் கொடுத்தார். அந்தப் பணம் எந்தக் கல்லூரிகளுக்குச் சேர வேண்டும் என்று முடிவு செய்ய, கல்லூரி என்றால் என்ன, அதில் சேர மாணவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று வரையறுக்க வேண்டியிருந்தது. படிப்பை வகுப்பறை நேரத்தால் அளக்கும் அலகு இப்படி நிலைபெற்று, பள்ளியிலிருந்து கல்லூரிக்கும் பரவியது. வாரம் ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரச் சொந்தப் படிப்பும் ஏறத்தாழ 15 வாரங்கள் நீடித்தால் ஒரு கிரெடிட். அப்படி 120 கிரெடிட் சேர்ந்தால் இளநிலைப் பட்டம் என்பது இன்றும் அங்கே வழக்கம். ஓய்வூதியக் கணக்குக்காகப் பிறந்த இந்த அலகு, மாணவர் எவ்வளவு நேரம் வகுப்பில் இருந்தார் என்பதைச் சொல்லுமே தவிர, என்ன கற்றார் என்பதைச் சொல்லாது. ஆகவே, கற்றதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த நேரத்தைக் காட்ட முடியாமல் வருபவருக்கு இந்த அலகில் இடமே இருக்கவில்லை.

அந்த இடத்தை உருவாக்கியது போர். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்குப் பல அமெரிக்கக் கல்லூரிகள், அவர்கள் படையில் என்ன கற்றார்கள் என்று பாராமல், சேவை செய்ததற்காகவே மொத்தமாகக் கிரெடிட் கொடுத்தன. நன்றியுணர்வில் செய்த காரியம்தான். ஆனால் அடிப்படை தெரியாமல் மேல்நிலைப் பாடங்களில் போய் உட்கார்ந்த மாணவர்களுக்கு அது உதவவில்லை, பட்டங்களின் மதிப்பையும் அது குலைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது கல்வியாளர்கள் இந்தத் தவறு மீண்டும் நிகழக் கூடாது என்று முன்கூட்டியே திட்டமிட்டார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காமல் படையில் சேர்ந்தவர்களுக்காக 1942-ல், பள்ளிப் படிப்புக்கு ஈடான ஜி.இ.டி. தேர்வு உருவாயிற்று. 1945 முதல், கல்லூரிகளின் கூட்டமைப்பான அமெரிக்கக் கல்விக் குழுமம், ஒவ்வொரு ராணுவப் பயிற்சியையும் பாடத்திட்டம், காலம், சோதனை முறை ஆகியவற்றைக் கொண்டு ஆராய்ந்து, எந்தக் கல்லூரிப் பாடத்துக்கு அது ஈடாகும், எத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரைக்கத் தொடங்கியது. 1944-ல் வந்த வீரர் மறுவாழ்வுச் சட்டத்தின் உதவியோடு சுமார் 22 லட்சம் முன்னாள் படையினர் கல்லூரிக்குள் நுழைந்தபோது இந்த ஏற்பாடு பெரிதும் கைகொடுத்தது. குழுமம் இன்றும் இதைச் செய்கிறது. பெருநிறுவனங்களின் உள்பயிற்சிகளையும் இதே முறையில் எடைபோடுகிறது.

ராணுவப் பயிற்சிக்காவது பாடத்திட்டமும் பயிற்றுநரும் உண்டு. எந்தப் பயிற்சியும் இல்லாமல் வேலை செய்தே கற்றவருக்கு என்ன வழி என்ற கேள்வி 1970-களில்தான் தீவிரமாக எழுந்தது. வேலையும் குடும்பமும் உள்ள பெரியவர்களை மனத்தில் கொண்டு 1971-ல் நியூயார்க் மாநிலத்தில் எம்பயர் ஸ்டேட் கல்லூரி தொடங்கப்பட்டது. இத்தகைய கல்லூரிகள் அனுபவ அறிவுக்குக் கிரெடிட் கொடுக்க முன்வந்தபோது, இதை நம்பகமாக அளக்க முடியுமா என்ற ஐயம் மற்றப் பல்கலைக்கழகங்களில் வலுத்தது. அதற்கு விடை காண 1974-ல், கார்னகி நிறுவிய அறக்கட்டளையின் நிதியுதவியோடு, தேர்வுகளை வடிவமைக்கும் ஈ.டி.எஸ். நிறுவனத்தின் கீழ் அனுபவத்தால் கற்றதை மதிப்பிடும் முறைகளை ஆராயும் சி.ஏ.இ.எல். என்ற ஆய்வுத் திட்டம் ஆரம்பமானது. பின்னர் அது தனி அமைப்பாயிற்று. அதை வழிநடத்தியவர் மோரிஸ் கீட்டன். அந்த அமைப்பு வகுத்த நெறிகளில் முதலாவதும் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையும் இதுதான்: கிரெடிட் கற்றதற்கு மட்டுமே, அனுபவத்துக்கு அல்ல.

இதைத் திருப்பூரில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரே மாதிரியான பின்னலாடை நிறுவனங்கள் இரண்டில், இருவர் பத்து ஆண்டுகள் கணக்கு வேலை பார்த்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் பில்லைப் பார்த்து டேலியில் பதிவு செய்கிறார். மாதக் கடைசியில் ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறார். மற்றவர், ஏற்றுமதிக்குப் போன சரக்குக்கு உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறுவது எப்படி, டாலர் விலை மாறினால் கணக்கில் அதை எங்கே காட்டுவது, ஐந்தொகை பொருந்தாவிட்டால் பிழையை எந்த வரிசையில் தேடுவது என்பதையெல்லாம் அறிந்து, காரணத்தோடு சொல்லவும் வல்லவர். இருவருக்கும் அனுபவச் சான்றிதழ் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் நிதிக் கணக்கியல் பாடத்துக்குக் கிரெடிட் கேட்கும் தகுதி இரண்டாமவருக்கே உண்டு. அவருக்கும்கூட, தான் செய்வதன் பின்னுள்ள கோட்பாட்டைப் புதியதொரு கணக்கில் பொருத்திக் காட்ட முடிந்தால்தான் உண்டு. அதே இடத்தில் பழகிய வேலையைச் செய்வது வேறு, கற்றதை வேறோர் இடத்துக்கு எடுத்துச் செல்வது வேறு. பல்கலைக்கழகம் தேடுவது இரண்டாவதை. ‘இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறேனே’ என்று மனத்தாங்கலோடு வருபவர்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். எனினும், இந்தக் கோடு இல்லாவிட்டால் இரண்டாமவரின் உழைப்புக்கும் மதிப்பில்லாமல் போய்விடும் என்பதால், இது அவர்களுடைய நலனுக்கான கோடுதான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கற்றதைக் காட்டும் வழிகளில் எளிதானது தேர்வு. அமெரிக்காவில் 1967-ல் தொடங்கிய, கல்லூரிப் பாடங்களுக்கான கிளெப் தேர்வுகளை எழுதி, 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் 50 எடுத்தால், கிரெடிட் தரலாம் என்று கல்விக் குழுமம் பரிந்துரைக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் உரிமை. துறைகளே நடத்தும் தனித் தேர்வுகளும் உள்ளன. இவற்றில் விளக்குவதற்கு அதிகமில்லை. கடினமானதும் சுவையானதும் சான்றுக் கோப்பு முறைதான். விண்ணப்பிப்பவர் ஒரு குறிப்பிட்ட பாடத்தை எடுத்துக்கொண்டு, அதன் கற்றல் விளைவுகள் ஒவ்வொன்றையும் தாம் எங்கே, எப்படிக் கற்றார் என்று நீண்ட கட்டுரையாக எழுதி, செய்த வேலைகளின் மாதிரிகள், மேலதிகாரியின் கடிதம், பயிற்சிச் சான்றுகள் ஆகியவற்றை இணைத்துத் தர வேண்டும். அந்தப் பாடத்தில் புலமையுள்ள ஆசிரியர் அதைப் படித்து, தேவைப்பட்டால் நேரில் கேள்வி கேட்டு, முழுக் கிரெடிட்டோ ஒரு பகுதியோ பரிந்துரைப்பார் அல்லது மறுப்பார். பல கல்லூரிகள் இந்தக் கோப்பைத் தயாரிப்பதற்கென்றே ஒரு பாடம் நடத்துகின்றன. நன்றாக வேலை தெரிந்தவர்களுக்கும் தாம் அறிந்ததைப் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

இங்கேதான் இந்த ஏற்பாட்டின் ஆழமான முரண் இருக்கிறது. படிப்பு வாய்க்காமல் வேலைக்குப் போனவருக்காக ஏற்பட்ட வழி, படித்தவர்களின் மொழியில் எழுதத் தெரிந்தவருக்கே எளிதாகத் திறக்கிறது. அலுவலக மேலாளர் அறிக்கை எழுதிப் பழகியவர். அவருடைய வேலை காகிதத்தில் தடம் விட்டுச் செல்கிறது. முதியோரைப் பராமரிக்கும் பெண்ணின் வேலை தடமில்லாதது. நோயாளியின் முகத்தைப் பார்த்தே நீர்ச்சத்து குறைந்திருப்பதை அறியும் அவருடைய அறிவுக்கு எந்த மேலதிகாரியும் கடிதம் தருவதில்லை. இது வெறும் ஊகமல்ல. 72 கல்லூரிகளின் மாணவர் பதிவுகளைக் கொண்டு சி.ஏ.இ.எல். 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வயதுவந்த மாணவர்களில் சுமார் 11 சதவீதத்தினரே இத்தகைய கிரெடிட் பெற்றிருந்தார்கள். குறைந்த வருவாயினரும் கறுப்பின மாணவர்களும் அதைப் பெறும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

கிரெடிட் பெற்றவர்களில் 49 சதவீதம் பேர் பட்டமோ சான்றிதழோ பெற்று முடித்தார்கள், பெறாதவர்களில் 27 சதவீதம் பேரே முடித்தார்கள் என்றும் அதே ஆய்வு கூறுகிறது. 9 முதல் 14 மாதங்கள் வரை காலம் மிச்சமாவதாகவும் அது மதிப்பிடுகிறது. இந்த எண்களைக் கவனத்தோடு கையாள வேண்டும். கோப்புத் தயாரிக்கும் அளவுக்கு ஊக்கமுள்ளவர் எப்படியும் படித்து முடித்திருக்கக் கூடியவர்தான். ஆகவே வித்தியாசம் முழுவதையும் கிரெடிட்டின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. மாணவர்களுக்கிடையிலான பிற வேறுபாடுகளைச் சரிசெய்து கணக்கிட்டபோது படிப்பை முடிக்கும் வாய்ப்பு 17 சதவீதம் உயர்ந்தது என்று ஆய்வாளர்களே அடக்கமான ஓர் எண்ணைத் தருகிறார்கள். அதுவும் சிறியதல்ல. முப்பத்தைந்து வயதில் படிக்க வருபவருக்கு, ‘உனக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும்’ என்று ஒரு பல்கலைக்கழகம் எழுத்தில் சொல்வது தரும் துணிவுக்கு இதில் பங்கிருக்கும் என்றே நம்புகிறேன்.

இந்த வழியைக் கெடுத்தவர்களும் உண்டு. ‘உங்கள் வாழ்க்கை அனுபவத்துக்குப் பட்டம், படிப்பும் தேர்வும் தேவையில்லை’ என்று விளம்பரம் செய்து பட்டம் விற்ற நிறுவனங்கள் அமெரிக்காவில் பெருகின. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2004-ல், அங்கீகாரம் இல்லாத மூன்று நிறுவனங்களின் பதிவுகளைப் பார்த்தபோது, அவற்றில் 463 கூட்டாட்சி அரசு ஊழியர்களின் பெயர்கள் இருந்தன. 2015-ல் கராச்சியின் ஆக்ஸாக்ட் நிறுவனம் நூற்றுக்கணக்கான போலிக் கல்வி நிறுவன இணையதளங்களை நடத்தியது அம்பலமானது. அசலையும் போலியையும் பிரித்தறிய சி.ஏ.இ.எல். நெறிகளில் ஒன்று துல்லியமான கருவியைத் தருகிறது: கட்டணம் மதிப்பீடு செய்யும் வேலைக்காக வாங்கப்பட வேண்டும், எத்தனை கிரெடிட் கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அது மாறக் கூடாது. கிரெடிட் எண்ணிக்கைக்கு விலை வைத்தால், மதிப்பிடுபவரே விற்பவராகிவிடுகிறார். மறுக்கப்பட்டாலும் அதே கட்டணம்தான் என்று சொல்லும் நிறுவனத்தை நம்பலாம்.

பிரான்ஸ் இதே கேள்விக்கு இன்னும் துணிச்சலான விடையைக் கண்டது. நீண்ட காலம் தொழிலில் இருந்தவர்கள் பொறியாளர் பட்டம் பெற வழிசெய்த 1934-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அந்நாட்டில் இதற்கு ஒரு மரபு உண்டு. 2002-ஆம் ஆண்டுச் சட்டம், அனுபவ அறிவைச் சரிபார்க்கக் கோருவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியதோடு, சில பாடங்களுக்கு விலக்கு என்ற அளவில் நிற்காமல், வகுப்பில் ஒரு மணி நேரம்கூட உட்காராமல் முழுப் பட்டயத்தையே பெறலாம் என்றது. தேவையான அனுபவக் காலம் 3 ஆண்டுகளாக இருந்தது, 2016-ல் 1 ஆண்டாகக் குறைந்து, 2022 டிசம்பரில் வந்த சட்டத்தில் முற்றிலும் நீக்கப்பட்டது. காலத்தை அளப்பதைக் கைவிட்டுக் கற்றலை மட்டும் அளப்பது என்ற கொள்கை அங்கே அதன் எல்லை வரை கொண்டு செல்லப்பட்டிருக்கிறது. முடிவெடுக்கும் நடுவர் குழுவில் ஆசிரியர்களோடு அந்தத் தொழிலில் இருப்பவர்களும் அமர்கிறார்கள். விண்ணப்பதாரரை நேரில் சந்தித்துப் பேசி, முழுவதும் ஏற்கலாம், ஒரு பகுதியை ஏற்று எஞ்சியதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லலாம், மறுக்கலாம். செவிலியர் உதவியாளர், வீட்டுப் பராமரிப்பாளர் போன்ற மருத்துவ, சமூகப் பணிகளில் இருப்போர் இதைப் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள் என்பது, காகிதத் தடம் இல்லாத வேலைக்கும் நேர்காணலால் நியாயம் செய்ய முடியும் என்பதைக் காட்டுகிறது. ஆனாலும் அங்கும் கோப்பு கனமானது. பாதியில் விட்டுவிடுபவர்கள் நிறைய என்பதாலேயே சட்டத்தை அடிக்கடி எளிமைப்படுத்த வேண்டியிருந்தது.

இந்தியாவுக்கு வருவோம். மாணவர்கள் பெற்ற கிரெடிட்டை மின்னணு முறையில் சேமிக்கும் கல்விக் கிரெடிட் வங்கி 2021 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2023 ஏப்ரலில் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, பள்ளிக்கல்வி, தொழிற்கல்வி, உயர்கல்வி மூன்றையும் ஒரே கணக்கில் கொண்டுவந்து, 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 1,200 மணி நேரத்துக்கு 40 கிரெடிட் என்று வகுத்தது. வேலை அனுபவத்துக்கும் அதில் இடமுண்டு. ஒருவர் அடிப்படைத் தகுதிக்காகப் பெற்ற கிரெடிட்டை, தொடர்புடைய அனுபவ ஆண்டுகளைக் கொண்டு அதிகபட்சம் இரு மடங்கு வரை உயர்த்தலாம். மதிப்பீடு உண்டு என்று ஆவணம் சொன்னாலும், ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு எடை கொடுக்கும் இந்தச் சூத்திரம், கற்றதற்கு மட்டுமே கிரெடிட் என்ற நெறியிலிருந்து விலகுகிறது. திருப்பூர்க் கணக்காளர்கள் இருவரையும் இந்தச் சூத்திரத்தில் போட்டால், இருவருக்கும் ஒரே பெருக்கல் எண்தான் வரும். அவர்களைப் பிரித்தறியும் பொறுப்பு முழுவதும் மதிப்பீட்டின் மேல் விழுகிறது. அந்த மதிப்பீட்டை யார், எப்படிச் செய்வார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஆர்.பி.எல். சான்றிதழ் பெற்றவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அது ஒரு தொழிலில் திறன் உண்டு என்று சொல்லும் சான்றே தவிர, தானாகப் பல்கலைக்கழகக் கிரெடிட் ஆகிவிடாது. பட்டத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஏற்பாட்டுக்கு எடுத்துக்காட்டு, 2022-ல் அக்னிவீரர்களுக்காக அறிவிக்கப்பட்ட, இக்னோ எனும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பு. படையில் பெறும் பயிற்சி, பட்டத்துக்கான கிரெடிட்டில் 50 சதவீதமாகக் கணக்கிடப்படும் என்று அறிவித்தார்கள். இங்கும் முதலில் படையினருக்கே கதவு திறந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கசப்பான முன்னனுபவம் உண்டு. முறையான பள்ளிப் படிப்போ முதல் பட்டமோ இல்லாதவர்களும் வயதையும் அனுபவத்தையும் கொண்டு உயர்கல்விக்குள் நுழையலாம் என்ற நல்ல நோக்கத்தோடு இங்கே திறந்தநிலைப் படிப்புகள் நடத்தப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம், முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் வேலைக்கான தகுதியாகாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களின் பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்று ஆணை பிறப்பித்தது. படித்ததும் உண்மை, தேர்வு எழுதித் தேறியதும் உண்மை. ஆனால் வேலைக்குப் போன இடத்தில் பட்டம் செல்லவில்லை. பல்கலைக்கழகம் ஒன்றை ஏற்பதும், வேலை தருபவர் அதை ஏற்பதும் ஒன்றல்ல என்பதைப் பலர் தம் வாழ்க்கையைப் பணயம் வைத்து அறிந்துகொண்டார்கள். முன்கற்றல் அங்கீகாரத்தை அறிமுகப்படுத்தும் எந்த அரசும், பணிநியமன விதிகளில் அதற்கு உரிய இடத்தை அதே நாளில் எழுதிவைக்காவிட்டால், மீண்டும் அதே நிலைமைதான் வரும்.

இலங்கையில் வழி சற்றுத் தெளிவாக இருக்கிறது. வேலை செய்து கற்ற கைவினைஞர், கல்விக்கூடத்துக்குப் போகாமலேயே மதிப்பீட்டின் மூலம் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் பெற முடியும். அந்தத் தகைமைகள் ஏழு மட்டங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஏழாவது மட்டம் இளநிலைப் பட்டத்துக்குச் சமம். தொழில் தகைமையில் உயர்ந்து வருவோர் பட்டம் வரை செல்வதற்காகவே 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. அடிமட்டத்தில் அனுபவத்துக்குக் கிடைக்கும் சான்று, மேலே ஏறும் படிக்கட்டின் முதல் படியாக அமைந்திருப்பது இந்த ஏற்பாட்டின் வலிமை.

இனி நம் பல்கலைக்கழகங்கள் எதிர்கொள்ளப்போகும் கேள்விகளில் கடினமானது, எந்தப் பாடத்தோடும் பொருந்தாத அறிவை என்ன செய்வது என்பது. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதிக்கு, சிலையின் உறுப்புகளுக்கான தாலமான அளவுகள் மனப்பாடம். மெழுகுக் கருவின் மேல் பூசும் காவிரி வண்டலின் பதம் விரலுக்குத் தெரியும். உலோகக் கலவை எந்த நிறத்துக்கு வரும்போது ஊற்ற வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். இது உலோகவியலா, சிற்பக்கலையா, வடிவியலா? ஒரு பாடத்தின் கற்றல் விளைவுகளோடு வரிக்கு வரி ஒப்பிடும் முறையில் அவருடைய அறிவு துண்டு துண்டாகச் சிதறி, ஒவ்வொன்றிலும் பாதி மதிப்பெண் பெறும். தொழில் அறிந்தவர்களையும் நடுவராக அமர்த்தும் பிரெஞ்சு முறையே இங்கே பொருந்தும்: பேராசிரியரோடு மூத்த ஸ்தபதி ஒருவரும் உட்கார்ந்து, எழுத்துக் கோப்புக்குப் பதிலாக வார்ப்பைச் செய்யச் சொல்லி, செய்யும்போதே தமிழில் கேள்வி கேட்டு மதிப்பிடலாம். அதற்குப் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் வேண்டும். அவர்களுடைய நேரத்துக்குப் பணம் வேண்டும். கிரெடிட்டைச் சேமிக்கும் மின்னணு வங்கி அமைந்துவிட்டது. அதில் போடுவதற்கு முன் எடைபோடும் ஆட்களை உருவாக்கும் வேலைதான் பெரும்பாலும் இன்னும் தொடங்கப்படாமல் இருக்கிறது.

இந்த நிலையில், அனுபவத்துக்குக் கிரெடிட் என்ற அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்க நினைப்பவர், பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது: எந்தப் பாடத்துக்கு ஈடாக எத்தனை கிரெடிட், மதிப்பிடுபவர் யார், மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டா, மதிப்பெண் பட்டியலில் அது எப்படிக் குறிக்கப்படும், இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் அது கூடவே வருமா. அரசுப் பணிக்கு முயல்பவராக இருந்தால், தேர்வாணையத்தின் தகுதி விதிகளில் அந்தப் பட்டம் ஏற்கப்படுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.